சாக்கில் அடைபட்ட மரணம்: 'படைவீரனும் மரணமும்' குறித்து ஒரு நோக்கு

நாட்டார் கதைகள் தொலைக்காட்சியின் கையில் அகப்படும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழ்ந்து விடுகின்றது. ஒன்றில் அவை சிறுவருக்குரிய தின்பண்டங்களாக உருகிப் போகின்றன. அன்றேல் விளக்கவுரை மலிந்த பழம்பொருட் காட்சிகளாக உறைந்து போகின்றன. இவ்விரு விபத்துக்களுக்கும் தப்பிய முயற்சிகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, ஜிம் ஹென்சன் 1987ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் உருவாக்கியளித்த 'ஸ்ரோறி ரெல்லர்', அதாவது 'கதைசொல்லி' என்னும் தொடராகும். அங்கங்கள் ஒன்பதே, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துள் அடங்குவது. அவ்வொன்பதினுள்ளும் 'படைவீரனும் மரணமும்' தனித்து நிற்பது. ஏனையவற்றிற் பெரும்பாலானவை கிறிம் சகோதரரின் ஜேர்மானியக் கதைகளை அடியொற்றியவையாக இருக்க, இது மட்டும் ருஷ்ய மண்ணிலிருந்து வந்தது என்பது ஒரு காரணம். ஆயின் அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பாவை என்னும் கருவிக்கும் கதைப் பொருளுக்கும் இடையே இவ்வங்கத்தில் நிகழும் சந்திப்பு, தொடரின் பிறிதோர் அங்கத்திலும் இத்துணை முழுமையாக நிகழவில்லை.

ஹென்சன் என்றதும் 1969இல் ஆரம்பமான 'செசமி ஸ்ரீற்' நிகழ்ச்சியும், 1976 முதல் 1981 வரை நடந்த 'மப்பெற் ஷோ'வும், அவற்றில் வந்த பச்சைத் தவளையுமே பலரது நினைவுக்கு வரும். அப்புகழ் அவருக்கு ஓரளவு சுமையாகவும் இருந்திருக்க வேண்டும். 1982இல், திரையில் ஒரு மனிதமுகந்தானும் தோன்றாத 'டாக் கிரிஸ்ரல்' என்னும் முழுநீளப் படத்தை எடுத்தமை, பாவை என்பது வேடிக்கைக்கு மட்டும் உரியதன்று என்று நிறுவும் முயற்சியே. அப்படத்தின் வழியாக இலண்டனில் வேரூன்றிய பாவைப் பட்டறையே 'கதைசொல்லி'க்கும் உயிர்கொடுத்தது. தொடருக்கான எண்ணம் ஹென்சனின் மகள் லீசாவிடமிருந்து வந்தது. அவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நாட்டாரியலும் தொன்மவியலும் பயின்றவர். ஒன்பது அங்கங்களுக்கும் எழுத்துப்பிரதி ஆக்கியவர் அன்ரனி மிங்கெல்லா. பின்னாளில் 'இங்கிலிஷ் பேஷன்ற்' திரைப்படத்தின் நெறியாள்கைக்காக ஒஸ்கார் விருது பெற்ற இவர், அதற்கு முன்னர் ஹல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். பல்கலைக்கழகத்து நாட்டாரியல் துறை ஒன்றும் முன்னாள் விரிவுரையாளர் ஒருவரும் சேர்ந்து உயிர்ப்புள்ள கலைப்படைப்பொன்றுக்குக் காரணமாயினர் என்பது, இத்தகைய சஞ்சிகையை வாசிப்போர்க்குச் சிறிது ஆறுதலளிக்கக்கூடிய செய்திதான்.

கதை வருமாறு. பல்லாண்டுப் போர் முடிந்து ஒரு படைவீரன் வீடு திரும்புகின்றான். அத்தனை ஆண்டுச் சேவையில் அவனுக்கு எஞ்சியவை மூன்று காய்ந்த விசுக்கோத்துகள். வழியில் மூன்று இரவலர் ஒருவர்பின் ஒருவராக எதிர்ப்படுகின்றனர். முதலிருவருக்கும் ஒவ்வொன்று கொடுக்கின்றான். அவர்கள் ஒருவர் சீழ்க்கையையும் மற்றவர் ஆடலையும் அவனுக்குக் கைம்மாறாக வழங்குகின்றனர். மூன்றாமவரிடம் வந்ததும் மனம் தடுமாறுகின்றது. எஞ்சியிருப்பது ஒன்றே. அதனைப் பிட்டுப் பாதியைக் கொடுத்துவிட்டு நடக்கின்றான். சில அடி போனபின், முன்னவர்க்கு முழுமையாகக் கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் பாதி கொடுத்தது முறையன்று என்று உறைக்க, திரும்பிச் சென்று மறுபாதியையும் கொடுக்கின்றான். அவரிடமிருந்து பெறுபவை இரண்டு: எவ்வாட்டத்திலும் தோற்காத சீட்டுக்கட்டு ஒன்று, 'இதனுள் புகு' என்று பணித்தால் எதனையும் தன்னுள் ஏற்கும் சாக்கு ஒன்று.

விளாடிமிர் புரொப் 1928இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த மாணவர் எவரும் இம்மூன்று இரவலரையும் உடனே அடையாளங் கண்டு, 'வழங்குநர்' என்ற பெட்டிக்குள் போட்டுவிடுவர். தலைவன் சோதிக்கப்படுகின்றான், தேறுகின்றான், மாயப்பொருள் பெறுகின்றான். வாய்பாடு சரியே. ஆனால் அந்தப் பாதி விசுக்கோத்து எந்த வாய்பாட்டிலும் அடங்காதது. சோதனையில் தேறுதல் அல்லது தவறுதல் என்ற இரண்டே வாய்பாட்டுக்குத் தெரியும். பாதி தேறி, பிறகு வெட்கித் திரும்பி நடத்தல் அதற்குத் தெரியாது. பசித்த மனிதன் ஒருவனின் கணக்கு அது. கதையைக் கட்டிய பெயர் தெரியாத குடியானவர்கள் பசியை அறிந்தவர்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. படைவீரனாக நடித்த பொப் பெக், இவ்விடத்தில் மிகை எதுவுமின்றி நடிக்கின்றார். அவ்வெளிமையை இந்நடிகரின் சிறப்பு என்றே கொள்ளவேண்டும்.

அந்த 'விசுக்கோத்து' என்னும் சொல்லும் சிறிது விளக்கத்துக்குரியது. ருஷ்ய மூலத்தில் அது கெடாதிருத்தற் பொருட்டு உலர்த்தப்பட்ட ரொட்டித் துண்டாகும், படைவீரனின் வழியுணவு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பீற்றர் மன்னன் ஏற்படுத்திய கட்டாய ஆட்சேர்ப்பின்கீழ் படையிற் சேர்க்கப்பட்ட குடியானவன் ஆயுள் முழுவதும் அதிலேயே கிடந்தான். 1793இல் அது 25 ஆண்டு எனக் குறைக்கப்பட்டது. 1874ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரும்வரை, ஊரை விட்டுச் சென்றவன் இறந்தவனுக்கு ஒப்பானவனே. ஆகவே, அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட தொகுதிகளில் படைவீரன் பற்றிய கதைகள் மிகுந்து காணப்படுவதும், அவற்றிற் பல நெடுங்காலச் சேவை முடிந்த ஒருவனுடன் ஆரம்பிப்பதும் வியப்பன்று. மாயமும் பூதமும் நிறைந்த இக்கதையின் முதல் வாக்கியம் மாயமன்று. அது ஆட்சேர்ப்புப் பதிவேட்டின் செய்தி. இந்தக் கதையை ஆங்கில வாசகர்க்கு அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவர், 1913இல் ருஷ்யாவுக்குச் சென்று அங்கேயே உலகப்போரையும் புரட்சியையும் கண்ட ஆதர் ரான்சம். 1920இல் அவர் இதனைத் தனிநூலாக வெளியிட்டபோது, ஐரோப்பாவின் வீதிகள் எங்கணும் போரிலிருந்து திரும்பிய படைவீரர் நடந்துகொண்டிருந்தனர்.

இங்கு வோல்ரர் பென்ஜமினை நினையாதிருத்தல் இயலாது. 1936இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பும் 'கதைசொல்லி' என்பதே. அதன் பொருளும் ருஷ்ய எழுத்தாளர் நிக்கொலாய் லெஸ்கோவே. முதலாம் உலகப்போரிலிருந்து திரும்பியோர் சொல்வதற்கு அனுபவம் நிறைந்தவராயன்றி, பேச்சற்றவராகவே மீண்டனர் என்ற அவதானிப்புடன் அக்கட்டுரை ஆரம்பிக்கின்றது. கதைசொல்லி தனது அதிகாரத்தை மரணத்திடமிருந்தே கடன்பெறுகின்றான் என்பது அதன் நடுநாயகமான கருத்து. ஹென்சனோ மிங்கெல்லாவோ இக்கட்டுரையைப் படித்திருந்தனரா என்பது இங்கு பொருட்டன்று. ஒரே பெயரும், ஒரே நாடும், போரிலிருந்து மீளும் ஒரே மனிதனும் இரண்டிலும் வந்து கூடுவதால், ஒன்றன் வெளிச்சத்தில் மற்றதை வாசிக்கலாம் என்பதே பொருள். அவ்வாறு வாசிக்கும்போது ஓர் உண்மை கண்ணில் உறுத்தும். இவ்வங்கத்தின் படைவீரன் தன் போரைப் பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை. எந்த நாட்டுடன், எதற்காக, எத்தனை பேரைக் கொன்று? மௌனந்தான். இதனைக் குறையென்று கொள்வோர் இருக்கலாம். ஆனால் மரணத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவன், பிற்பாதியில் அம்மரணத்தையே பிடித்துக் கட்டுகின்றான் எனக் கதை நகரும்போது, அவன் சொல்லாமல் விட்ட போர் முழுவதும் அச்சாக்கினுள்ளேயே கிடக்கின்றது என்று படுகின்றது.

முற்பாதியின் களிப்பு சாத்தான்களுடையது. அரசனின் கைவிடப்பட்ட அரண்மனையில் குடியேறிய சாத்தான் கூட்டம் சீட்டாடி வருவோரைக் கொல்லுகின்றது. படைவீரன் தன் சீட்டுக்கட்டோடு அமர்ந்து அவற்றின் பொன் அனைத்தையும் வென்று, அவை சீறி எழுந்ததும் சாக்கினுள் புகுமாறு பணிக்கின்றான். இனி அங்கு தலைகாட்டோம் என்று அவை வாக்களித்தபின், ஒன்றன் காலைப் பிணையாக வைத்துக்கொண்டு விடுவிக்கின்றான். இப்பகுதியிற் பாவைகள் நெருக்கியடித்துக்கொண்டு மேசையைச் சூழ்ந்திருக்கும் காட்சி ஹென்சன் பட்டறையின் கைவண்ணத்துக்கு நல்லதொரு மாதிரி. சாத்தான்கள் பயங்கரமானவையாயினும் அற்பத்தனமானவை. தோற்கும்போது சந்தைக் கடைக்காரர் போல முணுமுணுப்பவை. நாட்டார் கற்பனையில் நரகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தேவாலயச் சுவர்களில் தீட்டப்பட்ட நரகத்துக்கும் ஊர்க்கதையின் நரகத்துக்கும் உள்ள வேறுபாடு, அதிகாரிக்கும் அதிகாரியைக் கண்டு சிரிப்பவனுக்கும் உள்ள வேறுபாடுதான்.

இவ்வங்கத்தின் பாவை நுட்பத்தை நோக்கும்போது, பாத்திரப் பங்கீட்டில் ஓர் ஒழுங்கு புலப்படும். மனிதர் அனைவரும் நடிகர். மனிதரல்லாதோர் அனைவரும் பாவைகள். சாத்தான்கள் பாவை, மரணம் பாவை. கதையின் புறத்தே, அடுப்பங்கரையில் கதைசொல்லியாக அமர்ந்திருக்கும் ஜோன் ஹேர்ட்டின் அருகே கிடந்து குறுக்குக் கேள்வி கேட்கும் நாயும் பாவை. அதனை இயக்கிக் குரல் கொடுத்தவர் ஹென்சனின் மகன் பிறையன். ஆக, மரணத்தின் கதையைக் கேட்டு நடுங்கும் அந்த நாய், மரணத்துக்குச் சாதிச் சொந்தம்! இது திட்டமிட்டதோ தற்செயலோ, பார்வையாளனின் மனதில் மெல்லியதொரு கலக்கத்தை உண்டாக்கத் தவறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதுவே இவ்வங்கத்தின் உயிர்நிலை எனலாம். கைப்பாவை என்பது என்ன? வாய் கட்டப்பட்ட ஒரு துணிப்பை. அதனுள்ளே ஒரு கை. உள்ளே கை அசைய வெளியே உயிர் தோன்றும். சாத்தான்கள் அடைபட்ட சாக்கு முண்டி நெளிவதைக் காட்டும்போது ஹென்சன் உண்மையிற் காட்டுவது பாவையாட்டத்தின் மூலவடிவத்தையே. துணிப்பை ஒன்று, அதனுள் காணப்படாத ஏதோ ஒன்று அசைகின்றது. அலங்காரங்களை எல்லாம் களைந்தால் எஞ்சுவது இதுதான். பின்னர் மரணமே சாக்கினுள் புகும்போது, ஒரு பாவை அதன் பெட்டிக்குத் திரும்புகின்றது. ஆட்டம் நின்றுவிட்டது, இனி யாரும் சாகமாட்டார்கள். பாவையின் ஓய்வும் மனிதரின் சாவின்மையும் ஒன்றாகிவிடும் அக்கணத்தை நடிகர்களைக் கொண்டே எடுத்திருப்பின், அது வெறும் தந்திரக் காட்சியாக முடிந்திருக்கும்.

மரணத்தைப் பாவை மேடையில் ஏய்ப்பது ஐரோப்பாவின் பழைய வழக்கமுமாகும். இங்கிலாந்தின் 'பஞ்ச்' தூக்கிலிடுபவனையே தூக்கிலேற்றிச் சாத்தானையும் அடித்து விரட்டுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யச் சந்தைகளில் ஆடிய செந்நிறச் சட்டைப் 'பெத்ருஷ்கா'வும் இதே இனத்தவன். படைவீரன் ஒருவன் வந்து அவனைப் படைக்குப் பிடிக்கும் காட்சியும், தடியைத் துவக்காகப் பிடித்து அவன் பயிற்சி பெறும் காட்சியும் அவ்வாட்டத்தில் உண்டு. ஆயின் பெத்ருஷ்கா ஈற்றில் நாயாலோ சாத்தானாலோ இழுத்துச் செல்லப்படுவான். சந்தைக் கூட்டம் அதற்கும் சிரிக்கும். ஹென்சனின் மரணப் பாவை சிரிப்பூட்டுவதன்று. கரிய அங்கியும் அரிவாளும் கொண்ட வழமையான எலும்புருவும் அன்று. உருவிற் சிறியது, வெளிறியது, நோயாளியின் கட்டிலோரத்தில் பொறுமையாகக் காத்திருப்பது. பயங்கரத்தைப் பெருக்கிக் காட்டாமல் சுருக்கிக் காட்டியமையால், அது தன் கடமையைச் செய்ய வந்த கிராம உத்தியோகத்தர் ஒருவரைப் போல மறுக்கமுடியாத ஒன்றாகிவிடுகின்றது.

படைவீரனின் மகன் நோயுற்றபோதே அந்த உருவம் முதன்முதல் காணப்படுகின்றது. பிணையாக வைத்திருந்த காலுக்கு ஈடாகச் சாத்தான் கொடுத்த கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி அதனூடே பார்த்தால் மரணம் தெரியும். காலடியில் நின்றால் நோயாளி பிழைப்பான். தலைமாட்டில் நின்றால் இல்லை. கிறிம் சகோதரரின் 'ஞானத்தந்தை மரணம்' என்னும் கதையில் இவ்விதி தலைகீழாக உள்ளது: அங்கு தலைமாட்டில் நின்றால் பிழைப்பு, காலடியில் நின்றால் சாவு. ஆணே-தொம்சன் வகைப்பாட்டில் 330, 332 ஆகிய இரு கதைவகைகள் இங்கே பின்னியுள்ளன என நாட்டாரியலார் கூறுவர். விதி எப்பக்கமாயினும், பார்க்கும் ஆற்றல் கிடைத்தவனுக்குப் பார்த்தலே சுமையாகும் என்பது இரு நாட்டுக் கதைகளுக்கும் பொது. மகன் பிழைத்தான். அரசன் நோயுற்றபோது மரணம் தலைமாட்டில் நின்றது. படைவீரன் தன் உயிரை மாற்றாகக் கொடுக்கின்றான். மரணம் ஏற்றுக்கொள்ள, அரசன் எழ, படைவீரன் படுக்கையில் விழுகின்றான். அந்நிலையிலேதான் சாக்கு நினைவுக்கு வருகின்றது.

இக்கட்டத்தில் இவ்வங்கத்தின் முதற் குறையைச் சொல்லியாக வேண்டும். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை விழுங்கி மூன்று விசுக்கோத்துகளைத் திருப்பித் தந்த அரசுக்காக ஒருவன் ஏன் உயிரையும் கொடுக்கவேண்டும்? அரசன் இங்கு நல்லவனாகவே காட்டப்படுகின்றான். முதற் காட்சியின் வறுமைக்கும் அவனுக்கும் தொடர்பேயில்லாதது போலக் கதை செல்கின்றது. ஒரு குடியானவன் அரசனைத் தனக்குக் கடன்பட்டவனாக்கிக் கண்ட கனவு இது என்று இதற்குச் சமாதானம் கூறலாம். கற்பனையிலாவது கணக்கு நேராகின்றது. ஆனால் மிங்கெல்லா போன்ற கூர்மையான எழுத்தாளர், ஒரு வரியிலேனும் அந்த முரணைத் தொட்டிருக்கலாம். குறை இன்னொன்று மனைவியும் மகனும் பற்றியது. வென்ற பொன்னைப் போலவே அவர்களும் வருகின்றனர். பொன்னைப் போலவே மறைகின்றனர். வீட்டுக்குத் திரும்புவதே நோக்கமாகப் புறப்பட்ட ஒருவனின் வீடு, கதையிலே ஒரு நிழலாக மட்டும் நிற்பது அரை மணி நேர எல்லையின் விளைவென்று விட்டுவிடலாம். எனினும் இடம் வெறுமையாகவே தெரிகின்றது.

ஆயின் மரணம் கட்டுண்டபின் வரும் பகுதி இக்குறைகளை எல்லாம் பின்தள்ளிவிடுகின்றது. படைவீரன் சாக்கை மரமொன்றில் உயரத் தூக்கிவிட்டு வெற்றியுடன் மீள்கின்றான். உலகம் கொண்டாடவேண்டும். மாறாக, முதியோர் வருகின்றனர். நோயாளர் வருகின்றனர். சாகும் தறுவாயில் இருந்து சாகாமற் போனவர்கள், தேய்ந்தும் முடிந்துபோகாதவர்கள், காத்திருக்கின்றனர். எவரும் அவனைச் சபிப்பதுகூட இல்லை. காத்திருத்தல் மட்டுமே. போர் முடிந்து 2009இற்குப் பின்னரும், உறவுகள் இறந்தனரா இருக்கின்றனரா என்று அறியாமல் படங்களை ஏந்தி வீதியோரங்களிற் காத்திருப்போரை அறிந்த ஒரு நாட்டில், இக்காட்சியைப் பார்ப்பவர்களுக்கு அதன் பொருள் வேறொரு கனம் பெறும். மரணம் மறுக்கப்படுதல் வாழ்வு அளிக்கப்படுதல் ஆகாது என்பதை இங்குள்ளோர் கதையாக அறியவேண்டியதில்லை.

கட்டுண்ட மரணம் பற்றிய கதை பல நாடுகளிலும் உண்டு. கிரேக்கர் கதையில் சிசிபஸ் மரணத்தைச் சங்கிலியாற் பிணைத்தபோது, போர்க்கடவுள் ஆரிஸ் வந்து விடுவிக்கின்றான். போர்க்களத்தில் யாரும் சாகாவிட்டால் அவன் தொழில் என்னாவது! மகாபாரதத்து ஆதிபருவத்தில் நைமிசாரணிய வேள்வியிலே யமன் தீட்சை பெற்று அமர்ந்தமையால் மானிடர் சாகாது பெருக, தேவர்கள் அஞ்சிப் பிரமனிடம் முறையிடுகின்றனர்: மானிடருக்கும் தமக்கும் வேறுபாடு அற்றுப்போனது என்பது அவர்கள் குறை. மார்க்கண்டேயருக்காகச் சிவன் காலனை உதைத்த பின்னர் பூமி பாரம் தாங்காது தளர்ந்தமையும், காலன் மீள எழுப்பப்பட்டமையும் சைவ மரபில் வழங்குவது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்ட சூழலில் வளர்ந்தோர்க்கு இது புராணபடனத்திற் கேட்டுப் பழகிய செய்தி. இவை யாவற்றிலும் முறையீடு மேலிருந்து எழுவதைக் கவனித்தல் வேண்டும். கிரேக்கத்தில் போர்க்கடவுளுக்கு நட்டம். நைமிசத்தில் தேவருக்கு மானக்குறைவு. திருக்கடவூரில் பூமிதேவிக்குப் பாரம். சாகாமற் கிடந்த மனிதரைக் கேட்டார் யாருமில்லர். ருஷ்யக் குடியானவர் கதை ஒன்றே, மரணத்தை மீளக் கேட்கும் உரிமையைக் களைத்துப்போன மனிதருக்கே கொடுக்கின்றது. மரணத்தைக் கட்டியவனும் மனிதன், அவிழ்க்குமாறு கேட்பவரும் மனிதர், அவிழ்ப்பவனும் அவனே. இடையில் தெய்வம் எதுவும் தலையிடவில்லை.

இதனை விதிக்குப் பணியும் போதனை என்று ஒதுக்கிவிடத் துடிக்கும் விமர்சகர் இருக்கக்கூடும். ஆளும் வர்க்கத்துக்கு உவப்பான பொறுமையைக் கதை புகட்டுகின்றது என்பது அவர் வாதமாயிருக்கும். அவ்வாதம் இக்கதைக்குப் பொருந்தாது. பணிந்தவன் எவனும் இங்கில்லை. படைவீரன் தவறொன்றைச் செய்தான், அதன் பலனைப் பிறர் முகத்திற் கண்டான், தான் சாகவேண்டியிருக்கும் என்று அறிந்துகொண்டே சாக்கை அவிழ்த்தான். மறுபாதி விசுக்கோத்தைக் கொடுக்கத் திரும்பி நடந்த அதே கால்கள்தான் இப்பொழுது மரத்தடிக்கு நடக்கின்றன. முதற் காட்சியின் சிறிய வெட்கம், பிற்காட்சியின் பெரிய செயலுக்கு ஒத்திகையாக அமைந்தமை இப்போதுதான் புலனாகின்றது.

அவிழ்க்கப்பட்ட மரணமோ அவனைத் தொடவில்லை. அது அவனை அஞ்சுகின்றது. எல்லோரையும் அழைத்துச் சென்று அவனை மட்டும் விட்டுவிடுகின்றது. காலம் செல்ல, சாவின்றி முதுமையடைந்த அவன் தானாகவே நரகத்துக்கு நடக்கின்றான். சாக்கை மறவாத சாத்தான்கள் வாயிலைச் சாத்திக்கொள்கின்றன. போய்விடுவதானால் இருநூறு ஆன்மாக்களும் சொர்க்கத்துக்கு வழிகாட்டும் வரைபடமும் தருவதாகப் பேரம் முடிகின்றது. சீட்டாட்டத்தில் வென்ற பொன்னைவிட இது பெரிய வெற்றி என்பதை அங்கம் வற்புறுத்திச் சொல்லவில்லை, சொல்லாததே நன்று. மீட்ட ஆன்மாக்களுடன் சொர்க்க வாயிலை அடைகின்றான். அவை உள்ளே செல்லலாம், அவனுக்கு அனுமதியில்லை. கடைசி உபாயமாக ஓர் ஆன்மாவிடம் சாக்கைக் கொடுத்து, உள்ளே சென்றதும் தன்னைச் சாக்கினுள் புகுமாறு பணிக்கச் சொல்கின்றான். ஆன்மா உள்ளே போகின்றது. வாயில் மூடுகின்றது. அவன் காத்து நிற்கின்றான். சொர்க்கத்தில் நினைவு என்பது இல்லை.

நாட்டார் வடிவங்களில் இது பெரும்பாலும் ஓர் ஆன்மாவின் மறதி. உள்ளே சென்ற மகிழ்ச்சியில் வெளியே நிற்பவனை மறந்துவிட்டது, அவ்வளவே. மிங்கெல்லா அதனைச் சொர்க்கத்தின் இயல்பாகவே மாற்றிவிட்டார். இம்மாற்றம் சிறியது போலத் தோன்றினும் கதையின் நிறுவையையே திருப்பிவிடுகின்றது. தனி ஆன்மா ஒன்றின் மறதியெனின் அது துரதிர்ஷ்டம், அல்லது நன்றிகேடு. மறதியே சொர்க்கத்தின் சட்டம் என்றால், அங்கே படைவீரனுக்கு இடமில்லாமைக்கு அவன் பாவம் காரணமன்று. அவன் நினைவுள்ளவன். போரையும், மூன்று இரவலரையும், மகனின் கட்டிலோரத்தில் கண்ட வெளிறிய உருவத்தையும், மரணத்துக்காக ஏங்கி நின்ற முகங்களையும் அவன் சுமக்கின்றான். மறந்தாலன்றி நுழையமுடியாத இடம் ஒன்று. மறக்கவியலாத மனிதன் ஒருவன். பென்ஜமின் குறிப்பிட்ட பேச்சற்ற படைவீரன் போர்முனையிலிருந்து மீண்டவன். அவனுக்கு நேர் எதிராக, இப்படைவீரனின் கதை முழுவதும் சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அவன் இன்னும் உலகில் அலைகின்றான் என்றே முடிகின்றது.

தொடரின் புறச்சட்டமாகிய அடுப்பங்கரைக் காட்சி, ஏனைய அங்கங்களிற் சில வேளைகளில் அலங்காரமாகவே நின்றுவிடுவதுண்டு. நாயின் பகடிகள் அளவு மீறுவதும் உண்டு. இங்கு அப்படியன்று. கிழவர் ஒருவர், பாழடைந்த மண்டபமொன்றில், தீ அணையும் நேரத்தில், சாகவும் இயலாத, சொர்க்கத்தில் நுழையவும் இயலாத ஒருவனைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றார். நினைவுக்கு இடமற்ற சொர்க்கத்தின் வாயிலிலிருந்து திரும்பியவனுக்கு இருக்கத்தக்க ஓரிடம் இவ்வடுப்பங்கரையே. நாய் அதற்குப் பின்னும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கின்றது.